அக்காவின் தட்டில் போட்ட கருகல்

முந்திரிப்பருப்பு உடைத்துத் தரம் பிரிக்கும் எங்கள் கம்பெனியை ஊரில் அண்டி ஆபீஸ் என்பார்கள். அங்கே எனக்கும் எதிர் மேசை அக்காவுக்கும் ஒரு விளையாட்டு உண்டு. அவள் பிரித்து முடித்த நல்ல பருப்புத் தட்டில், அவள் பார்க்காத நேரம் கருகிய பருப்பு ஒன்றை நுழைத்துவிடுவேன். அவள் தட்டின்மேல் உள்ளங்கையை ஒருமுறை ஓட்டுவாள். தலை நிமிராமலே அந்தக் கருகல் என் நெற்றியில் வந்து விழும்.

“எலே, ஒம்பதாங் கிளாஸுல தோத்தவனே, எனக்க கைக்கும் கண்ணு உண்டு, கேட்டியா.”

“தோக்கல்லக்கா. வாத்தியாருக்கு என்னப் பிரிய மனசில்ல.”

பிறகு கேமராவால் பார்த்துத் தானே பருப்புப் பிரிக்கும் ஏ.ஐ. மிஷின் வந்தது. எது நல்லது, எது கழிவு என்று நாம் காட்டிக்கொடுத்தால் அது படித்துக்கொள்ளுமாம். சூப்பர்வைசர் எங்கள் இருவரையும் அதில் போட்டார். எனக்குத் திரையில் உள்ள இங்கிலீஷை எழுத்துக்கூட்டவாவது தெரியும். அக்காவுக்குப் பருப்பு தெரியும்.

“பச்சைய அமுக்குனா மிஷின் ஓடும். செவப்ப அமுக்குனா நிக்கும்.”

“ஒன்ன நிறுத்துகதுக்கு எத அமுக்கணும்?”

இரண்டு வாரத்தில் நன்றாகவே பழகிவிட்டாள். மிஷின் படிக்க அவள் கொடுக்கும் மாதிரிப் பருப்பு சரியாக வந்தால் மிஷின் ஓட்டும் வேலை அக்காவுக்குத்தான் என்று சூப்பர்வைசர் சொன்னார். மிஷின் பக்கத்தில் நாற்காலி உண்டு. நாள் முழுக்க நின்று நின்று அக்காவுக்குக் கால் முட்டு வீங்கியிருந்தது. அந்த நாற்காலியைத் தினமும் துடைத்து வைப்பாள்.

மாதிரி காட்டும் நாளன்று, அவளுடைய நல்ல பருப்புத் தட்டில் ஒரு கை நிறையக் கருகலைப் போட்டேன். எப்படியும் கண்டுபிடிப்பாள் என்றுதான். வழக்கம்போல அவள் உள்ளங்கை தட்டுக்கு வந்தது.

“கை வெக்காதீங்கக்கா, அப்படியே கொட்டுங்க” என்றார் மிஷின் மாட்ட வந்த கோயம்புத்தூர்க்காரர்.

கை பின்வாங்கியது. கொட்டிவிட்டாள். நான் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். மிஷினே கண்டுபிடித்து வெளியே தள்ளும், எல்லோருமாகச் சிரிக்கலாம் என்று இருந்துவிட்டேன். நாம் நல்லது என்று கொடுத்ததை அது நல்லது என்றே எடுத்துக்கொள்ளும் என்பது என் மண்டையில் ஏறியிருக்கவில்லை.

மறுநாள் நல்ல பருப்புப் பெட்டியில் கருகல் விழுந்துகொண்டிருந்தது. கோயம்புத்தூர்க்காரர் முந்தின நாள் மிஷின் பிடித்த படங்களைத் திரையில் எடுத்துக் காட்டினார்.

“இதக்கூடவா பாக்கல்ல? இத்தன வருசம் இங்க என்ன செய்தீங்க?” என்றார் சூப்பர்வைசர்.

அக்கா திரையைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். நான் குனிந்து பெட்டியில் விழுந்த கருகலைப் பொறுக்க ஆரம்பித்தேன்.

“கண்ணு மங்கிப் போச்சு போல, சார்” என்றாள்.

நாற்காலி எனக்கு வந்தது. ஒரு வாரம் கழித்து சூப்பர்வைசரிடம் உண்மையைச் சொன்னேன். “இப்பம் நல்லா ஓடுதுல்லா? விடுடே” என்று போய்விட்டார். அக்காவிடமும் போய்ச் சொன்னேன்.

“தெரியும் மக்கா. சார் கேட்டப்பம் நீ சொல்லுவன்னு பாத்துட்டு நின்னேன்.”

போன வாரம் அவள் மேசையைக் கடக்கும்போது தட்டில் ஒரு கருகலைப் போட்டேன். உள்ளங்கை ஓடியது. கருகலை எடுத்து, பக்கத்திலிருந்த கழிவுத் தகர டப்பாவில் போட்டாள். அடுத்த தட்டை இழுத்துக்கொண்டாள். நான் நெற்றியைக் காட்டிக்கொண்டு கொஞ்ச நேரம் அங்கேயே நின்றேன்.