உறை கழற்றிய சொக்லேட்

அமெரிக்காவின் நியூ ஜேர்சியிலிருந்து டென்மார்க்கின் ரண்டர்ஸில் இருக்கும் தங்கச்சி வீட்டுக்கு வந்திருக்கிறேன்.

காலையில் கடையில் ஒரு கெச்சப் போத்தலை எடுத்தேன். "அதை வையுங்கோ அண்ணை. டென்மார்க்கின்ர கிரீன்லாந்தைத் தா எண்டு நிக்கிற அமெரிக்காவின்ர சாமான் இப்ப நாங்கள் வாங்கிறேல்லை" என்றாள்.

வீட்டில் பார்த்தால், நான் கொண்டுவந்த சொக்லேட்டுகளை உறை கழற்றிக் கிண்ணத்தில் போடுகிறாள். பக்கத்து வீட்டு டேனிஷ்காரி கோப்பிக்கு வருகிறாராம்.

"எந்த நாட்டுச் சாமான் எண்டு அவவுக்குத் தெரியக்கூடாது."

"அப்ப நான்?" என்றேன்.

"நீங்கள் யாழ்ப்பாணத்திலயிருந்து வந்தனீங்கள் எண்டு சொல்லிப்போட்டன்."

அந்த அம்மா இப்போது மூன்றாவது சொக்லேட்டைச் சாப்பிட்டபடி, யாழ்ப்பாணத்தில் மழையா என்று கேட்கிறார். நான் ஊரை விட்டு வந்து இருபது வருடமாகிறது. குளியலறைக்குள் நின்று இதை எழுதுகிறேன்.

ஊரில் இருப்பவர்கள் யாராவது உடனே சொல்லுங்கள். அங்கே மழையா, வெயிலா?