பதினேழு நீட்டிய கை

குரங்கு அறைக் கதவில் ஒரு தாள் ஒட்டியிருக்கும். இருபத்திரண்டு வருஷமாக நான் அதைத் தாண்டித்தான் போய் வருகிறேன். குரங்கு கடித்தாலோ கீறினாலோ கால் மணி நேரம் சோப்புப் போட்டுத் தேய்த்துக் கழுவ வேண்டும், சிவப்புப் படிவத்தை நிரப்ப வேண்டும், அன்றைக்கே டாக்டரிடம் போக வேண்டும். ஏன் என்பதும் கீழே இருக்கும். குரங்குக்கு வாய்ப்புண் மாதிரி வந்து போகிற ஒரு கிருமி, மனிதனுக்கு வந்தால் மூளைக்குப் போய்விடும். காயத்தைச் சுற்றி மரத்துப் போகும், காய்ச்சல் வரும், தலை வலிக்கும். மூன்று நாளிலும் வரலாம், ஒரு மாதம் கழித்தும் வரலாம். வருவது அபூர்வம்தான். ஆனால் வந்த பிறகு மருந்தைத் தேடினால் ஆள் பிழைப்பது கஷ்டம்.

நான் அந்த ஆராய்ச்சிக் கட்டடத்தில் கூண்டு கழுவுகிறவள். எலி, முயல், குரங்கு எதுவானாலும் அதன் அழுக்கு என் கைக்கு வந்துதான் போகும். எனக்கு வாய் நீளம். பெரிய படிப்புப் படித்துவிட்டு எலிக்கூண்டைத் தலைகீழாக அடுக்கி வைத்த டாக்டர்களை நேருக்கு நேர் நின்று கேட்டிருக்கிறேன். வாயாடி என்று பெயர் வாங்கியவள், திறக்க வேண்டிய ஒரே இடத்தில் வாயை மூடிக்கொண்டேன். அதைச் சொல்லத்தான் உட்கார்ந்தேன்.

கைகாட்டி என்று நாங்கள் கூப்பிடுகிறவன் எனக்கு மூன்று வருஷம் கழித்து வேலைக்கு வந்தான். குரங்குகளைப் பார்த்துக்கொள்கிற வேலை. ஒல்லி உடம்பு, பேச்சு குறைவு. காலையில் உள்ளே வந்ததும் ஒவ்வொரு கூண்டு முன்னாலும் நின்று, "என்ன, தூங்கினீங்களா?" என்று கேட்டுவிட்டுத்தான் சட்டையை மாற்றுவான். மனைவியிடம் இந்த மாதிரி ஒரு நாளாவது கேட்டிருக்கிறாயா என்று நான் கிண்டல் பண்ணுவேன். என்னை அக்கா என்பான். உடன்பிறந்தவன்கூட என்னிடம் அவ்வளவு மரியாதையாக இருந்ததில்லை.

அங்கே நடந்த ஆராய்ச்சி, பயம் ஞாபகத்தை என்ன செய்கிறது என்பது. குரங்குக்குத் திரையில் ஒரு படம் காட்டுவார்கள். சற்று நேரம் கழித்து நாலு படத்துக்கு நடுவில் அதே படத்தைத் தொட்டால் ஒரு சொட்டு பழச்சாறு கிடைக்கும். வாரம் ஒரு நாள், செவ்வாய்க்கிழமை, ரத்தம் எடுத்துப் பயத்தின் அளவைப் பார்ப்பார்கள். இதில்தான் சிக்கல். கூண்டின் பின்சுவரை முன்னால் இழுத்து, குரங்கைக் கம்பியோடு நெருக்கி வைத்துத்தான் ஊசி குத்தி ரத்தம் எடுக்க முடியும். சுவர் நகர்கிற சத்தம் கேட்டதுமே அது அலறும். அப்புறம் ரத்தத்தில் பயத்தைத் தவிர வேறு என்ன இருக்கும்? டாக்டரம்மா தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

கைகாட்டி எட்டு மாதம் எடுத்துக்கொண்டான். ஒரு உலர்ந்த திராட்சை, ஒரு வார்த்தை: "கை காட்டு." பதினேழாம் நம்பர் குரங்கு முதலில் பல்லைக் காட்டியது, பிறகு விரல் நுனியைக் காட்டியது, கடைசியில் கம்பிச் சந்து வழியாக முழங்கை வரை நீட்டி, ஊசி ஏறி இறங்கும் வரை முகத்தைத் திருப்பி வைத்துக்கொண்டது. சுவரை இழுக்கத் தேவையே இல்லாமல் போயிற்று. அதன் ரத்தத்தில் பயம் பாதியாகக் குறைந்திருந்தது. டாக்டரம்மா அந்தக் கணக்கை நம்பித்தான் அடுத்தடுத்த வருஷங்களின் ஆராய்ச்சியையெல்லாம் நடத்தினார். அவனுக்குப் பெயரும் அப்படித்தான் வந்தது.

ஒரே ஒரு விஷயம் டாக்டரம்மாவுக்குத் தெரியாது. குரங்கு அறையில் மெல்லிய ரப்பர் கையுறையும் அதற்கு மேலே தோல் கையுறையும் போட வேண்டும். பதினேழு கையுறையை நம்பாது. அவனுடைய வெறும் விரலைத் தொட்டுத் தடவிப் பார்த்த பிறகுதான் கையை நீட்டும். அதனால் செவ்வாய்க்கிழமை அவன் தனியாக ரத்தம் எடுக்கும்போது கதவைச் சாத்திக்கொண்டு இடது கையுறைகளைக் கழற்றிவிடுவான். அது தொட்டுப் பார்த்ததும் மாட்டிக்கொள்வான். எனக்கு மட்டும் தெரியும். "உனக்கு நேரம் சரியில்லாம போகப் போகுது பாரு," என்று திட்டியிருக்கிறேன். "அவன் ஒண்ணும் பண்ண மாட்டான்க்கா," என்பான். அவன் என்பது குரங்கு.

ரத்தம் எடுக்கும்போது வெளியே சிவப்பு விளக்கு எரியும். யாரும் உள்ளே போகக் கூடாது. அந்தச் செவ்வாய்க்கிழமை நான் விளக்கைப் பார்க்கவில்லை. இடுப்பு வலி, சீக்கிரம் வேலையை முடித்துவிட்டு உட்காரலாம் என்ற அவசரம். எட்டு எவர்சில்வர் தட்டுகளை அடுக்கித் தூக்கிக்கொண்டு தோளால் கதவைத் தள்ளினேன். ஈரத்தரையில் கால் வழுக்கி, மேல் தட்டு சரிந்து கீழே விழுந்தது. அந்த அறையில் அந்தச் சத்தம் எப்படி இருந்திருக்கும் என்று நினைத்துக்கொள்ளுங்கள். அத்தனை குரங்கும் ஒரே நேரத்தில் கத்தின. அவன் வெறும் விரலைத் தடவிக்கொண்டிருந்த பதினேழு கையை வெடுக்கென்று உள்ளே இழுத்தது. அதன் நகம் அவன் ஆள்காட்டி விரலில் நீளமாக இழுத்துவிட்டது.

"ஒண்ணும் இல்லக்கா."

"ரத்தம் வருதுடா. கழுவு, முதல்ல கழுவு."

குழாயடியில் நின்று தேய்த்தான். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக் கால் மணி நேரம் நான் எண்ணினேன். முடிந்ததும் படிவம் எடுக்கப் போனேன். குறுக்கே வந்து நின்றான்.

"வேண்டாம்க்கா. கிளவுஸ் போட்டிருந்தீங்களான்னுதான் முதல் கேள்வியே."

"உயிரு பெருசா கிளவுஸ் பெருசா?"

"என்னை வெளிய அனுப்பினாக் கூடப் பரவால்ல. இவனைத் தனியாப் போட்டு டெஸ்ட் பண்ணுவாங்க. கிருமி இருந்தா அன்னிக்கே ஊசி போட்டு முடிச்சிடுவாங்க. ஒன்பது வருஷம் பார்த்திருக்கேன்க்கா."

பிறகு, தரையில் கிடந்த தட்டைக் குனிந்து எடுத்துக்கொண்டே, "இது எப்படி விழுந்துச்சுன்னும் கேப்பாங்க," என்றான். மிரட்டிச் சொல்லவில்லை. அவனுக்கு மிரட்டத் தெரியாது. ஆனால் எனக்கு ஓய்வு பெற இரண்டு வருஷம் இருந்தது. நான் வாயை மூடிக்கொண்டேன்.

அதற்குப் பிறகு வந்த நாட்களை நான் ஒவ்வொன்றாக எண்ணினேன். காலையில் அவன் முகத்தைப் பார்க்கும் வரை எனக்கு டீ இறங்காது. மூன்றாம் நாள் நன்றாக இருந்தான். ஐந்தாம் நாள் ஒரு தும்மல் தும்மினான், கையில் இருந்த கூண்டை அப்படியே கீழே வைத்துவிட்டேன். "என்னக்கா, பேய் பார்த்த மாதிரி பாக்குறீங்க?" என்றான். பதினேழை எட்டிப் பார்ப்பேன். வாயில் புண் எதுவும் தெரிகிறதா என்று பார்ப்பேன். அது என்னைப் பார்த்துப் புருவத்தைத் தூக்கும். சனியனே, நீயாவது சொல்லித் தொலையேன் என்று இருக்கும்.

ஏழாம் நாள் அவன் மனைவி எனக்குப் போன் பண்ணினாள். அவர்கள் மகளுக்குக் குழந்தை பிறந்து நாற்பது நாள். வேலை விட்டு வீட்டுக்குப் போனால் பேத்தியை மடியிலிருந்து இறக்க மாட்டான், சாப்பாட்டைக்கூட ஒரு கையால்தான் சாப்பிடுவான் என்று அவளே என்னிடம் பெருமையாகச் சொல்லியிருக்கிறாள்.

"அண்ணி, அங்க ஏதாவது பிரச்சினையா? குழந்தையை நீட்டினா சுவரோரம் போய் நிக்கிறாரு. தட்டு, டம்ளர் எல்லாம் தனியா வச்சிருக்காரு. பொண்ணு அழுதுகிட்டே இருக்கா. பொண்ணாப் பொறந்துடுச்சுன்னு அப்பாவுக்குப் பிடிக்கலையான்னு கேக்குறா."

"பூச்சி மருந்து அடிச்சிருக்காங்கம்மா. கையில இருக்கும்னுதான் தொடாம இருக்கான்," என்றேன். பொய் எனக்கு அவ்வளவு வேகமாக வரும் என்று அதுவரை எனக்கே தெரியாது.

பத்தாம் நாள், "விரல் மரத்துப் போன மாதிரி இருக்குக்கா," என்றான். தாளில் எழுதியிருந்த அதே வார்த்தை. சிவந்து, தோல் உரிந்திருந்தது. கிள்ளிப் பார்த்தேன். தெரிகிறதா என்றால் தெரிகிறது என்றான், தெரியவில்லை என்றான், அவனுக்கே புரியவில்லை. அன்றைக்கு நான் ஒரு கூண்டைக்கூட ஒழுங்காகக் கழுவவில்லை.

பன்னிரண்டாம் நாள் ஆளைக் காணோம். தேடிக்கொண்டு போனால் தீவன மூட்டை அடுக்கியிருக்கிற அறையில், மூட்டை மேல் உட்கார்ந்திருந்தான். வாயில் ஒரு தெர்மாமீட்டர். முயலுக்கு வைக்கிறது.

"அது முயலுக்கு எங்க வைக்கிறதுன்னு தெரியும்ல உனக்கு?"

சிரிப்பான் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. தெர்மாமீட்டரை என்னிடம் நீட்டினான். காய்ச்சல் நூற்றொன்று. நெற்றியைத் தொட்டேன், கொதித்தது. பயத்தில் என் கைதான் சில்லென்று இருந்ததோ என்னவோ.

"அக்கா," என்றான். "கீறல் பட்ட அன்னிக்கு ராத்திரி, மறந்துபோய் பாப்பா கன்னத்தைத் தொட்டுட்டேன். ஒரே தடவைதான். அவளுக்கு ஒண்ணும் ஆகாதில்ல?"

அதற்கு மேல் என்னால் முடியவில்லை. நேராக அலுவலகத்துக்குப் போனேன். சிவப்புப் படிவத்தை எடுத்து நின்றுகொண்டே எழுதினேன். விலங்கு எண்: பதினேழு. காயம்: விரலில் நகக் கீறல். கையுறை: இல்லை. நடந்த தேதி எழுதும்போது பக்கத்தில் இருந்த எழுத்தர், "பன்னிரண்டு நாளாச்சா?" என்று நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்துவிட்டார். கடைசிக் கேள்வி: விலங்கு மிரண்டதற்குக் காரணம். "தெரியவில்லை" என்று எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன்.

அவனை ஆஸ்பத்திரியில் தனி அறையில் போட்டு மருந்து ஏற்றினார்கள். குழந்தையையும் கொண்டுவரச் சொன்னார்கள். அவன் மகள் வராந்தாவில் குழந்தையை மார்போடு அணைத்துக்கொண்டு, "எங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல அத்தை?" என்று கேட்டாள்.

இங்கே பதினேழின் ரத்தம் எடுக்க இரண்டு பேர் வந்தார்கள். நான் கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். தோல் கையுறையைக் கண்டதும் பின்னால் போனது. ஒருவர் ஊசியை எடுத்ததும் என்ன நினைத்ததோ, முன்னால் வந்து, கம்பிச் சந்தில் இரண்டு விரலை விட்டு வெளியே துழாவியது. தொட்டுப் பார்க்க ஒரு விரலைத் தேடியது. யார் வைப்பார்கள்? வைக்கவும் கூடாது. சுவரை இழுத்தார்கள். இத்தனை வருஷம் கழித்து அது அந்த அலறலை அலறியது.

நாலு நாளில் எல்லாம் தெரிந்துவிட்டது. பதினேழுக்குக் கிருமி கிடையாது. அவனுக்கும் இல்லை, குழந்தைக்கும் இல்லை. வந்தது சாதாரணக் காய்ச்சல், அந்த வாரம் தெருவில் பாதிப் பேருக்கு இருந்ததுதான். விரல் மரத்தது ஏனென்றால், கூண்டு தேய்க்கிற பிரஷ்ஷால் ஒரு நாளைக்கு மூன்று தடவை, ஒவ்வொரு தடவையும் கால் மணி நேரம், யாருக்கும் தெரியாமல் தேய்த்திருக்கிறான். "குரங்கு கீறினதை விட நீங்க கீறினதுதான் அதிகம்," என்றாராம் டாக்டர். முதல் நாளே படிவத்தைக் கொடுத்திருந்தால் அன்றைக்கே மாத்திரை, நாலு நாளில் முடிவு. குரங்குக்கும் ஒன்றும் ஆகியிருக்காது.

விசாரணை வைத்தார்கள். டாக்டரம்மா, கால்நடை மருத்துவர், நிர்வாகத்திலிருந்து ஒருவர். நான் அவனுக்குப் பக்கத்து நாற்காலியில்.

"இவ்வளவு பழகின குரங்கு அன்னிக்கு ஏன் கையை இழுத்துச்சு?" என்று கால்நடை மருத்துவர் கேட்டார்.

நான் மேஜை மேல் கிடந்த சிவப்புப் படிவத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவன் என் பக்கம் திரும்பவே இல்லை.

"நான் தும்மிட்டேன் சார்."

"தும்மலுக்கா?"

"பலமாத் தும்மிட்டேன்."

எழுதிக்கொண்டார்கள். இனி விலங்குகள் இருக்கிற எந்த அறைக்குள்ளும் அவன் போகக் கூடாது என்று உத்தரவு வந்தது. கழுவும் அறைக்கு, என்னிடம் அனுப்பினார்கள். பன்னிரண்டு நாள் கழித்தாவது தகவல் கொடுத்தேன் என்பதற்காக என்னை வெறும் கண்டிப்போடு விட்டுவிட்டார்கள். டாக்டரம்மா ஒரு வார்த்தை பாராட்டியும் சொன்னார்.

பதினேழு அதற்குப் பிறகு யாருக்கும் கை கொடுக்கவில்லை. ஆராய்ச்சிக் கணக்கிலிருந்து அதை எடுத்துவிட்டார்கள். ஆனால் மற்றக் குரங்குகளோடு சேர்த்து அதற்கும் ரத்தச் சோதனை உண்டு. செவ்வாய்க்கிழமை பத்து மணிக்குச் சுவர் வழியாகச் சத்தம் வரும். அவன் கையில் இருக்கிற கூண்டை வைத்துவிட்டு அது அடங்கும் வரை நிற்பான். நான் கழுவும் இயந்திரத்தின் வேகத்தைக் கூட்டுவேன்.

வீட்டில் பேத்தி இப்போது அவனை விட்டு இறங்குவதில்லையாம். போட்டோ காட்டுவான். என்னிடம் கோபமாக ஒரு வார்த்தை பேசியதில்லை. எத்தனையோ தடவை சொல்லிவிட வாயெடுத்திருக்கிறேன். போய் உண்மையை எழுதிக் கொடுத்துவிட்டு வருகிறேன், நீ உன் அறைக்குப் போ என்று. ஓய்வுக்கு இன்னும் நாலு மாதம்தான். வாயெடுத்ததோடு சரி.

போன வாரம் தட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தேன். அந்த நாளிலிருந்து சத்தமே வராமல்தான் வைக்கிறேன், ஒவ்வொன்றையும் இரண்டு கையாலும் பிடித்து. அவன் பார்த்துக்கொண்டே இருந்தான்.

"எதுக்குக்கா இவ்வளவு மெதுவா வைக்கிறீங்க?" என்றான். "இங்க பயப்படறதுக்கு யாரு இருக்கா?"

நான் அடுத்த தட்டையும் மெதுவாகவே வைத்தேன்.