உள்ளங்கையில் இட்ட சிலுவை

கண்ணோட்டம் என்னும் பண்பு அறங்களுக்கெல்லாம் இளையது போலத் தோன்றும். ஆயினும் மூத்த அறங்கள் அதன் தோளைப் பற்றிக்கொண்டே நடக்கும். எதிரே நிற்பவர் முகம் வாடாதபடி ஒழுகுவதும், அப்படி ஒழுகியதைச் சொல்லிக் காட்டாதிருப்பதும் சேர்ந்ததே அப்பண்பு. பெங்களூர் லிங்கராஜபுரத்தில் தொண்ணூற்றொரு வயது வரை வாழ்ந்து, சென்ற ஆண்டு தவக்காலத்தில் இறைவனடி சேர்ந்த இராயப்பனிடம் அது நிறைந்திருந்தது. ஆனால் அவருடைய மருமகள் சாந்தகுமாரி அதை ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் வேறொன்றாகவே எண்ணி வந்தாள்.

இராயப்பனின் தகப்பனார் சேத்துப்பட்டுப் பக்கத்திலிருந்து கோலார் தங்கவயலுக்குப் பிழைக்க வந்தவர். அங்கே மாரிக்குப்பத்தில் தொழிலாளர் குடியிருந்த லைன் வீட்டில் பிறந்த இராயப்பன், மீசை அரும்பிய வயதில் சுரங்கத்துக்குள் இறங்கி, பாறை சரியாதபடி மரத்தால் முட்டுக்கொடுக்கும் வேலையில் அமர்ந்து, ஓய்வு பெறும்வரை அதையே செய்தார். அங்கே வேலைக்குக் கிளம்புகிறவன் நெற்றியில் வீட்டுக்கு மூத்தவர் கட்டைவிரலால் சிலுவை இட்டு அனுப்புவது கிறிஸ்தவக் குடும்பங்களின் வழக்கம். ஆளை உள்ளே இறக்கும் கூண்டில் போனவன் மேலே வருவான் என்று சுரங்கக் கம்பெனி யாருக்கும் எழுதிக் கொடுத்ததில்லை. எனவே அனுப்புகிறவர்கள் தங்களால் இயன்றதை நெற்றியில் எழுதி அனுப்பினார்கள்.

தாயார் இருந்தவரை அவர் இட்டார். தாயாருக்குப் பின் அந்த உரிமை இராயப்பனுக்கு வந்தது. ஓய்வுக்குப் பிறகு மனைவி செசிலியோடும் மகன் ஆண்டனியோடும் பெங்களூருக்கு வந்தபோது வழக்கமும் உடன் வந்தது. சுரங்கம் இல்லாத ஊரில் இது எதற்கு என்று ஆண்டனி கேட்டதற்கு, ஹென்னூர் சாலையில் பஸ் ஓடுவதைப் பார்த்தபின் இங்கேதான் இது அதிகம் தேவைப்படுகிறது என்று பதில் சொன்னார். பால் போடும் கோவிந்தப்பா தம் மகளின் பரீட்சை நாளில் அவளை அழைத்து வந்து நிறுத்தியபோது, அவள் நெற்றியிலும் இட்டுக் கன்னடத்தில் இரண்டு வார்த்தை வாழ்த்தி அனுப்பினார்.

குறை இல்லாத மனிதர் அல்லர். காலைப் பூசைக்கு யாரேனும் தாமதித்தால் அன்று முழுவதும் முகம் கொடுக்கமாட்டார். செபமாலை வேளையில் வந்த விருந்தாளி எவ்வளவு பசியோடிருந்தாலும் மாதா மன்றாட்டுமாலையில் ஒரு வரியைக் குறைத்ததில்லை. எல்லாவற்றினும் பெரிய குறை, மனத்தில் இருப்பதை வாயால் சொல்ல அறியாதது. ஒரு சொல்லில் தீரக்கூடியதையும் செபமாலை மணிகளிடமே ஒப்படைத்து விடுவார்.

சாந்தகுமாரி மர்பி டவுனைச் சேர்ந்த இந்துக் குடும்பத்துப் பெண், பள்ளி ஆசிரியை. ஆண்டனியும் அவளும் விரும்பினார்கள். இராயப்பனின் மூத்த மகள் குளோரியா தங்கவயல் ராபர்ட்சன்பேட்டையிலிருந்து ரயிலேறி வந்து எதிர்த்தாள். இராயப்பன் சண்டையிடவில்லை, பங்குச் சாமியாரிடம் போய், வேறு மதத்துப் பெண்ணை மணக்கப் பேராயரின் அனுமதி பெறும் வழியைக் கேட்டு வந்தார். திருமணம் பங்குக் கோயிலில் நடந்தது. ஞானஸ்நானம் பெறும்படி அவர் அவளை ஒருநாளும் கேட்டதில்லை.

மணமாகி முதல் திங்கட்கிழமை அவள் பள்ளிக்குப் புறப்பட்டாள். வாசலில் நின்ற இராயப்பன் வழக்கம்போல் கட்டைவிரலை நெற்றியில் வைத்து இழுத்தார். அப்போதுதான் இட்ட குங்குமம் கலைந்து மூக்குவரை படிந்தது. அவர் தம் விரலைப் பார்த்தார். பிறகு பின்கட்டுக்குப் போய்க் குழாயைத் திறந்து கையைக் கழுவினார். நெடுநேரம் கழுவினார். அவள் அதைப் பார்த்துக்கொண்டே நின்றாள்.

மறுநாள் காலையில், “கைய நீட்டும்மா,” என்றார். வலது உள்ளங்கையில் சிலுவை இட்டார். அன்றுமுதல் வீட்டில் எல்லோருக்கும் நெற்றி, அவளுக்கு மட்டும் உள்ளங்கை.

அவள் மகன் அபினவ் பிறந்து, ஞானஸ்நானம் பெற்று, நடக்கத் தொடங்கியதும் அவனுக்கும் நெற்றி. ஒரு கிறிஸ்துமஸ் மறுநாள் எல்லோரும் ஊர் கிளம்பும்போது குளோரியா சிரித்துக்கொண்டே சொன்னாள்: “எங்களுக்கெல்லாம் நெத்தியில, உனக்கு மட்டும் கையில. இன்னா சாந்தா, கண்டக்டர்கிட்ட டிக்கெட் வாங்கறியா?”

எல்லோரும் சிரித்தார்கள். சாந்தகுமாரியும் சிரித்தாள். கணவனிடம் ஒருமுறை இதைப் பற்றிக் கேட்டாள். அப்பா அப்படித்தான் என்று அவன் பத்திரிகையைப் புரட்டினான். அதன்பின் யாரிடமும் கேட்கவில்லை. மாமனாருக்கு வேளைதோறும் சமைத்துப் போட்டாள். மாமியார் செசிலி கடைசிக் காலத்தில் படுக்கையில் கிடந்தபோது தாயைப் போலப் பார்த்துக்கொண்டாள். மாலைதோறும் செபமாலையில் உட்கார்ந்து, ஒருவர் தொடங்கும் செபத்துக்கு மற்றவர்கள் சொல்லும் பின்பாதியைச் சொன்னாள். இந்த வீட்டில் தனக்கு உள்ளது பாதி இடம்தான் என்று மட்டும் மனத்தின் ஒரு மூலையில் வைத்திருந்தாள். வாசலில் கை நீட்டும் ஒவ்வொரு காலையும் அது ஒருமுறை தலைதூக்கி அடங்கும்.

சென்ற ஆண்டு மாசி மாதம் இராயப்பன் படுத்தார். சாமியார் வந்து நோயில் பூசுதல் கொடுத்தார். புனித எண்ணெயை முதலில் நெற்றியில் பூசினார். பிறகு கைகளைத் திருப்பி இரண்டு உள்ளங்கையிலும் பூசினார். தலைமாட்டில் மெழுகுவத்தி பிடித்து நின்ற சாந்தகுமாரி அதைக் கண்டாள். நெற்றிக்கு ஒரு செபம், உள்ளங்கைக்கு ஒரு செபம், எண்ணெய் ஒன்றே.

சாமியார் போனபின் அவள் கட்டிலருகே உட்கார்ந்தாள்.

“மாமா, ஒண்ணு கேக்கணும். அன்னிக்கு ஏன் கையக் கழுவினீங்க?”

எந்த நாள் என்று அவர் கேட்கவில்லை.

“கட்டினவன் உசுரோட இருக்கும்போது, ஒரு பொண்ணு நெத்திய நான் அழிச்சிட்டேனேம்மா,” என்றார். மூச்சு வாங்கியது. “சகுனம் பாக்கறது பாவந்தான். பாவசங்கீர்த்தனத்துல சாமியார்கிட்ட கூட சொன்னேன். மனசு கேக்கல. அந்த வருசம் பூரா ஆண்டனி வண்டிய எடுத்தா, நான் செபமாலைய எடுத்தேன்.”

“நான் வேற மாதிரி நெனச்சிட்டேன் மாமா.”

“இன்னா நெனச்ச?”

“குங்குமம் பட்டது தீட்டுன்னு கழுவினீங்கன்னு.”

அவர் கண்ணை மூடிக்கொண்டார்.

“இத்தன வருசம் எனக்கு ஆக்கிப் போட்டியே. இத்த மனசுல வெச்சிக்கினா?”

“ஆமா. உப்பு சரியாத்தானே போட்டேன்?”

அவருக்குச் சிரிப்பு வந்தது; இருமலாக முடிந்தது. இருமல் அடங்கியதும் அவளைக் குனியச் சொல்லிக் கையைத் தூக்கினார். கட்டைவிரல் நெற்றிக்கு அருகே வந்து நின்றது. குங்குமம் அங்கே இருந்தது. அவள் முந்தானையை எடுத்துத் துடைக்கப் போனாள்.

“அழிக்காத,” என்றார்.

அவ்வளவு நாள் ஏங்கிய நெற்றியை அவள் சற்றே பின்னுக்கு இழுத்துக்கொண்டாள். வலக்கையை விரித்து அவர் விரலின் கீழே வைத்தாள்.

“இங்கயே போடுங்க மாமா. எனக்கு இதான் பழக்கம்.”

பன்னிரண்டு நாளில் அவர் போய்விட்டார். சவப்பெட்டியை மூடுமுன் வீட்டார் ஒவ்வொருவராக வந்து அவர் நெற்றியில் சிலுவை இட்டார்கள். சாந்தகுமாரி முறை வந்தபோது, செபமாலை சுற்றியிருந்த அவர் கையை மெல்லத் திருப்பி உள்ளங்கையில் இட்டாள். குளோரியா அதைப் பார்த்தாள்.

முப்பதாம் நாள் பூசை முடிந்து, அடுக்களையில் வெங்காயம் உரிக்கும்போதுதான் குளோரியா அதைப் பற்றிக் கேட்டாள். சாந்தகுமாரி முழுவதையும் சொன்னாள். குழாயைச் சொன்னாள், குங்குமத்தைச் சொன்னாள், அவர் இருமிச் சிரித்ததையும் சொன்னாள். குளோரியா கத்தியைக் கீழே வைத்தாள்.

“எங்கிட்டயாவது சொல்லியிருக்கலாமில்ல? நான் கிண்டல் பண்ணாம இருந்திருப்பேன்.”

“நீங்களா அண்ணி?”

குளோரியா மறுபடி வெங்காயத்தை எடுத்தாள். இருவர் கண்ணிலும் நீர் வடிந்தது; காரணம் சொல்ல வெங்காயம் இருந்தது.

சாயங்காலம் மாரிக்குப்பம் ரயிலுக்குக் கிளம்பும் நேரம். அபினவ் அத்தையைக் கொண்டுவிட ஸ்கூட்டரைத் தெருவில் இறக்கியிருந்தான். குளோரியா பையோடு வாசலுக்கு வந்து நின்றாள். பிறந்த நாள்முதல் சிலுவை வாங்காமல் அந்தக் குடும்பத்தின் வாசலைத் தாண்டியறியாதவள். முதியவர் நிற்கும் இடம் வெறுமையாக இருந்தது. ஆண்டனி செய்வதறியாமல் கையைப் பிசைந்தான். வீட்டுக்கு மூத்தவள் இப்போது குளோரியாவே. அவளுக்கு இட அவளுக்கு மேல் யாரும் இல்லை.

அவள் பையைக் கீழே வைத்துவிட்டுச் சாந்தகுமாரியின் முன்னால் வலது உள்ளங்கையை நீட்டினாள்.

“டிக்கெட் குடு. வண்டிக்கு நேரமாச்சி.”

சாந்தகுமாரி தன் கட்டைவிரலால் நெடுக ஒரு கோடும் குறுக்கே ஒரு கோடும் இட்டாள். அடுத்து அபினவ் கை நீட்டினான். அவனுக்கும் இட்டாள். ஸ்கூட்டர் தெருமுனை திரும்பும்வரை வாசலிலேயே நின்றாள்.

அந்த வாசலில் புறப்படுகிறவர் யாராயினும் நலமே போய் நலமே திரும்புக. அங்கே ஏற்றும் விளக்கு எண்ணெய் வற்றாது எரிக; உலையில் இடும் அரிசி ஒருபிடி மிஞ்சியே வேக. நெற்றியில் வாங்கியவரையும் கையில் வாங்கியவரையும் தேவதாய் தன் ஒரே போர்வையின் கீழ் காப்பாளாக. இராயப்பன் வீட்டார் பல்லாண்டு வாழ்க.