கழட்டியவன்தான் மாட்ட வேண்டும்

“…கழட்டுனவன்தானுங்க மாட்டோணும். பட்டறை ஆரம்பிச்ச புதுசுல இருந்து அதுதானுங்க இங்க வழக்கம். ஒருத்தன் கழட்டுனதை இன்னொருத்தன் தொடக்கூடாதுங்க.”

என் கூட்டாளி இதைச் சொன்னபோது குரலை உயர்த்தவில்லை. கேள்வி கேட்ட காங்கேயத்துக்காரரைப் பார்த்துத்தான் சொன்னான். என் பக்கம் திரும்பவே இல்லை. சொன்னதில் ஒரு சொல்கூடப் பொய் கிடையாது. பொய்யே சொல்லாமல் ஒருவனைக் கவிழ்க்க முடியும் என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

தொண்ணூறுகளின் நடுவில், கோவை திருச்சி ரோட்டை ஒட்டி நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து கார் பட்டறை வைத்திருந்தோம். அதற்கு முன்பு ஒரே இடத்தில் கூலிக்கு வேலை பார்த்தவர்கள். அவன் என்னை மாப்ள என்பான், நான் அவனை மாப்ள என்பேன். எங்களுக்குள் ஒரு உறவும் இல்லை. பட்டறை தொடங்கிய புதிதில் அவன் கழட்டிய கார்புரேட்டரை நான் மாட்டி, ஒரு வாஷரை விட்டுவிட்டு, வண்டி அவிநாசி தாண்டி நின்றுபோனது. அன்றைக்குப் போட்டுக்கொண்டதுதான் அந்த வழக்கம். கழட்டியவனுக்குத்தான் எது எங்கிருந்து வந்தது என்று கைக்குத் தெரியும். எங்களுக்கு எழுத்துப் படிப்பு குறைவு. கை ஞாபகம்தான் எங்கள் நோட்டுப் புத்தகம்.

காங்கேயத்துக்காரர் கொப்பரைக் களம் வைத்திருந்தவர், ஐம்பதை ஒட்டிய வயது. சிறு வயதில் வந்த காய்ச்சலில் இடது கால் சூம்பிப் போனது. கிளட்ச் மிதிக்க முடியாது என்பதால் அதுவரை யாராவது கூட்டிப்போனால்தான் உண்டு. “தம்பி வர்றானா, மச்சினன் வர்றானான்னு ரோட்டையே பாத்துட்டு உக்காந்திருக்கறதுதானுங்க எம் பொழப்பு” என்பார். அப்படிப்பட்டவருக்கு, வெளிநாட்டிலிருந்த அக்கா மகன் கொண்டுவந்த வண்டியொன்று கைக்கு வந்தது. கிளட்ச் இல்லாத, தானாகவே கியர் மாறுகிற வண்டி. ஒற்றைக் காலே போதும். முதல் தடவை தனியாகவே கோவை வரைக்கும் ஓட்டிவந்து எங்கள் வாசலில் நிறுத்திவிட்டு அவர் சொன்னதை நான் மறக்கவில்லை: “இது காருன்னு நெனைக்காதீங்க தம்பி. எனக்கு எடது காலுங்க இது.”

மனிதர்கள் தங்களை அறியாமல் இப்படி ஒன்று சொல்வார்கள். நான் அதை மனதில் முடிந்துவைத்துக்கொள்வேன்.

அந்த மாதிரி வண்டியை அப்போது எங்கள் பக்கத்தில் தொடவே பயப்படுவார்கள். நான் ஆறேழு மாதம் அதற்கு எண்ணெய் மாற்றி, பிரேக் பார்த்து, மெல்ல மெல்லப் பழகியிருந்தேன். ரேடியேட்டர் விரிசல் விட்டு அவர் வந்தபோது, என் கூட்டாளியும் பக்கத்தில் நின்றிருந்தான். அவன் முன்னாலேயே அவர் என்னிடம், இந்த வண்டியில் உங்கள் கையைத் தவிர வேறு கை படவேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். நானும் சரியென்று வாக்குக் கொடுத்தேன்.

“ஏனுங்ணா, எங்கையில என்ன முள்ளா மொளச்சிருக்குது?” என்று அவன் சிரித்தான்.

“உங்க கையும் நல்ல கைதானுங்க. இந்த வண்டிக்குத்தான் இவரு பழகிப்போயிட்டாரு” என்று அவரும் சிரித்தார். நானும் சிரித்தேன். யார் சிரிப்பு எவ்வளவு ஆழம் போனது என்று அன்றைக்கு நான் அளந்து பார்க்கவில்லை.

சாதாரண வண்டியில் ரேடியேட்டரைக் கழட்டுவது பெரிய வித்தை இல்லை. தண்ணீரை இறக்கி, மேலும் கீழும் ஹோஸை உருவி, நான்கு போல்ட்டை எடுத்தால் கையோடு வந்துவிடும். அவர் வண்டியில் கூடுதலாக இரண்டு மெல்லிய இரும்புக் குழாய்கள் உண்டு. கியர் பெட்டியின் சிவப்பு எண்ணெய் ஒரு குழாயில் ஏறி, ரேடியேட்டரின் அடித்தொட்டிக்குள் சுற்றிச் சூடு தணிந்து, இன்னொரு குழாயில் திரும்பிப் போகும். அந்த எண்ணெய் குறைந்தால் கியர் பெட்டி வெந்துபோகும். அந்தக் குழாய்களைப் பிரிக்கிற இடத்தில் இரண்டு நட்டு இருக்கும்: ஒன்று ரேடியேட்டரோடு ஒட்டியது, ஒன்று குழாயின் முனையில். ஒரு ஸ்பேனரால் ரேடியேட்டர் பக்கத்து நட்டை அசையாமல் பிடித்துக்கொண்டு, இன்னொரு ஸ்பேனரால் குழாய் நட்டைத் திருப்ப வேண்டும். ஒற்றை ஸ்பேனரோடு முரட்டுத்தனமாகத் திருகினால் நட்டோடு சேர்ந்து குழாயும் முறுக்கிக்கொள்ளும்.

ஒரு வெள்ளிக்கிழமை, அவர் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்க, நான் அந்த இரண்டையும் பொறுமையாகப் பிரித்தேன். கீழே தட்டு வைத்து, வழிந்த எண்ணெயைப் பிடித்து, எவ்வளவு வந்தது என்று பாட்டிலில் ஊற்றிப் பார்த்து, குழாய் வாயில் சுத்தத் துணியைச் சுற்றிக் கட்டினேன். வரவேண்டிய புது ரேடியேட்டர் சனிக்கிழமை சாயங்காலம்தான் வந்தது. திங்கள் காலையில் வண்டி தருவதாக அவருக்குச் சொல்லியிருந்தேன். ஞாயிறன்று கொடுமுடியில் என் அக்கா மகளுக்குக் காது குத்து. தாய்மாமன் நான்தான், என் மடியில் உட்காரவைத்துத்தான் குத்த வேண்டும்.

போகாமல் இருந்துவிடலாமா, வண்டியைச் செவ்வாய்க்குத் தள்ளிவிடலாமா என்று நான் கையைப் பிசைந்துகொண்டு நின்றபோது என் கூட்டாளிதான் தோளைத் தட்டினான்.

“ரெண்டே ரெண்டு நட்டு மாப்ள. இதுக்குப் போயி அக்கா ஊட்டு விசேசத்தை உட்டுப்போடுவியா? நீ போயிட்டு வா, நான் மாட்டிப்போடறேன். அவருக்கென்ன தெரியவா போகுது?”

அந்த நிமிடம் அவன் மேல் எனக்கு இருந்த பாசத்தைச் சொல்லி முடியாது. இரண்டு ஸ்பேனர் விஷயத்தை ஒரு தடவைக்கு இரண்டு தடவை சொல்லிவிட்டுப் பஸ் ஏறினேன். வழக்கத்தை மீறியவர்கள் நாங்கள் இரண்டு பேரும். வாக்கை மீறியவன் நான் மட்டும்.

திங்கள் காலை நான் வந்தபோது வண்டி துடைத்துத் தயாராக நின்றது. எண்ணெய் அளவு பார்த்தேன், சரியாக இருந்தது. அடியில் குனிந்து பார்த்தேன், ஈரம் இல்லை. என்ஜினை அடியில் மூடியிருக்கிற தகட்டைக் கழட்டிக் குழாயைப் பார்த்திருக்க வேண்டும். அதற்குள் அவர் மச்சினனின் பைக்கில் வாசலில் வந்து இறங்கிவிட்டார்.

“நீங்களே மாட்டுனீங்களா தம்பி?” என்றார்.

“ஆமாங்ணா” என்றேன்.

அவ்வளவு சுலபமாக வாயில் வந்தது. பின்னால் நின்றிருந்த என் கூட்டாளி அதைக் கேட்டான். கேட்டு வைத்துக்கொண்டான் என்றுதான் இப்போது தோன்றுகிறது.

புதன்கிழமை அவர் தாராபுரம் போகிற வழியில் வண்டி நின்றது. என்ஜின் உறுமுகிறது, சக்கரம் நகரவில்லை. நல்ல வெயிலில் ரோட்டோரம் உட்கார்ந்திருந்தாராம். கடைசியில் ஒரு டிராக்டர்காரர் கயிறு கட்டி இழுத்துக் களத்தில் கொண்டுவந்து விட்டிருக்கிறார். உள்ளூர் டிராக்டர் மெக்கானிக் அடியில் படுத்துப் பார்த்துவிட்டு, முறுக்கிக் கீறல் விட்ட ஒரு குழாய் வழியாக எண்ணெய் சொட்டுச் சொட்டாகப் போய்விட்டது, பெட்டிக்குள் கருகின வாடை வருகிறது, இனி இதைத் திறந்து சரிசெய்ய இந்தப் பக்கத்தில் ஆள் கிடையாது என்று சொல்லிவிட்டார்.

வியாழக்கிழமை காங்கேயத்துக்காரர் பஸ்ஸில் வந்தார். நிறுத்தத்திலிருந்து எங்கள் பட்டறை வரைக்கும் இடது முழங்காலைக் கையால் ஊன்றி ஊன்றி நடந்து வந்தார். அந்த வண்டி வந்த பிறகு அவர் அப்படி நடந்து நான் பார்த்ததில்லை. கோபப்படவில்லை. நான் உட்காரச் சொன்னதற்கு, “இருக்கட்டுங்க” என்றார். எங்கள் ஊரில் எவ்வளவு மனது வெந்தாலும் பேச்சில் அந்த ‘ங்க’ மட்டும் போவதில்லை. அன்றைக்கு அதைக் கேட்கத்தான் எனக்குத் தாங்கவில்லை. நாளிதழ்த் தாளில் சுற்றியிருந்த குழாயை எடுத்தார். முனையிலிருந்து ஒரு சாண் தூரத்தில், பிழிந்த துணி மாதிரி முறுக்கியிருந்தது. பார்த்த உடனே எனக்குத் தெரிந்தது: ஒற்றை ஸ்பேனர்.

அவர் அதை என்னிடம் நீட்டவில்லை. எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் பிடித்துக்கொண்டு சொன்னார்:

“எங்கூரு மெக்கானிக்கு சொல்றானுங்க, இதைக் கழட்டுன கை வேற, மாட்டுன கை வேறன்னு. எனக்கும் இது உங்க கை மாதிரித் தெரியலீங்க தம்பி. யாரு மாட்டுனதுங்க?”

இப்போது யோசித்தால், அது குற்றச்சாட்டே இல்லை. நான் வெளியே வர அவர் திறந்துவிட்ட கதவு அது. நான் உண்மையைச் சொன்னால், திங்கட்கிழமை அவர் முகத்துக்கு நேராகச் சொன்ன ‘ஆமாங்ணா’ பொய்யாகும். சொல்லாவிட்டால் அந்தக் குழாயை முறுக்கிய கை என் கையாகும். இரண்டில் எது நடந்தாலும் அந்த மனிதரை நான் இழப்பேன். ஆனால் முதலாவதில் என்னை நான் கொஞ்சம் மிச்சம் பிடித்திருக்கலாம். அதைத் தேர்ந்தெடுக்கத்தான் வாயெடுத்தேன். “அண்ணா, அது வந்துங்க…” என்று தொடங்கினேன்.

அதற்குள் என் கூட்டாளி முந்திக்கொண்டு அந்தப் பேச்சைச் சொன்னான். கழட்டியவன்தான் மாட்ட வேண்டும், பட்டறை வழக்கம், ஒருத்தன் கழட்டியதை இன்னொருத்தன் தொடக்கூடாது. கழட்டியது நான் என்று அவருக்குத் தெரியும். வெள்ளிக்கிழமை முழுக்கப் பக்கத்திலேயே ஸ்டூல் போட்டு உட்கார்ந்து பார்த்தவர் அவர்.

அவர் என்னைப் பார்த்தார். நான் அதற்கு மேல் எதுவும் சொல்லியிருந்தாலும் கூட்டாளி மேல் பழி போடுகிற ஆளாகத்தான் அவர் கண்ணுக்குத் தெரிந்திருப்பேன்.

என் கூட்டாளி இரண்டு கையையும் நீட்டி, மரியாதையாக, அவர் கையிலிருந்த குழாயை வாங்கினான். மேசைக்குப் போய் அதை வைஸில் கவ்வ வைத்தான். ரம்பத்தை எடுத்து, முறுக்கியிருந்த பகுதியை மட்டும் இந்தப் பக்கம் ஒரு வெட்டு, அந்தப் பக்கம் ஒரு வெட்டு என்று அறுத்து எடுத்தான். தூளை ஊதினான். அறுத்த துண்டை என் உள்ளங்கையில் வைத்து, இந்த அளவுக்குப் புதுக் குழாய் பார்த்து வாங்கி வரச் சொல்லிவிட்டு, அவருக்கு ஸ்டூலைத் துடைத்துப் போட்டான். என்னிடம் ‘இருக்கட்டுங்க’ என்றவர், அவன் போட்டதில் உட்கார்ந்தார்.