இரண்டாவது ஃப்ரெட்டில் ஒரு காந்தாரம்

கனகாங்கி ராகத்தை மாண்டலினில் கற்றுக்கொள்ளலாம் என்று கிளம்பியபோது எனக்குச் சொல்லித்தர ஆள் கிடைக்கவில்லை. இணையத்தில் பாடம் நடத்தும் வித்வான்கள் இரண்டு பேரைக் கேட்டேன். ஒருவர், அது விவாதி ராகம், தோஷம் உண்டு, வீட்டில் வைத்து வாசிக்கவே கூடாது என்றார். இன்னொருவர், அதை வாசித்தால் யாரும் கைதட்ட மாட்டார்கள் என்றார். இரண்டாமவராவது மனதில் இருப்பதைச் சொன்னார். போங்கள் என்று இரண்டு பேரையும் விட்டுவிட்டு, பதிவுகளைக் கேட்டு நானே தடவித் தடவி ஆரம்பித்தேன்.

அந்த ராகம் செய்த குற்றம் இவ்வளவுதான். ஷட்ஜத் தந்தியை விரல் வைக்காமல் மீட்டினால் ஸ. வீணையில் மெட்டு என்பார்களே, அதுபோல முதல் ஃப்ரெட்டில் ரி. அதை ஒட்டி இரண்டாவது ஃப்ரெட்டிலேயே க. மூன்றையும் நான்கையும் தொடாமல் சுண்டுவிரலை நீட்டினால் ஐந்தாவதில் ம. பஞ்சமத் தந்தியிலும் இதே கதைதான். இப்படி நெருக்கிக்கொண்டு நிற்கும் ஸ்வரங்கள் ஒன்றோடொன்று சண்டை போடுகின்றனவாம், அந்தச் சண்டை வாசிப்பவர் குடும்பத்தில் வந்து விடியுமாம். பஸ்ஸில் இரண்டு பேர் இடித்துக்கொண்டு நின்றால் டிரைவர் வீட்டில் இழவு விழும் என்று யாராவது சொன்னால் சிரிப்பார்கள். இதற்கு மட்டும் கன்னத்தில் போட்டுக்கொள்வார்கள்.

உண்மையான கஷ்டம் வேறு. நேரே ஏறினால் அந்த க வெறும் ரிஷபமாகத்தான் காதில் விழும். மத்யமத்தைத் தொட்டு இறங்கி, கொஞ்சம் நிறுத்தினால்தான் காந்தாரமாகக் கேட்கும். சாயங்காலம் லேப்டாப்பை மூடியதும் அந்த ஒரு இறக்கத்தையே திரும்பத் திரும்ப வாசித்துக்கொண்டிருப்பேன். அந்த மாதங்களில்தான் என் முதல் கர்ப்பம் கலைந்தது. யார் மீதும் தப்பில்லை, பல பேருக்கு நடப்பதுதான் என்றார் டாக்டர். என் கணவரும் பக்கத்தில் உட்கார்ந்து தலையாட்டினார்.

மறுபடி உண்டானபோதும் நான் வாசிப்பதை நிறுத்தவில்லை. நாங்கள் அப்போது தார்நாகாவில் வாடகைக்கு இருந்தோம். மேல்வீட்டில் ஓய்வுபெற்ற ரசாயன விஞ்ஞானி ஒரு அம்மாள். வாழ்நாள் முழுக்க சோதனைக்கூடத்தில் ஆதாரம் கேட்டே சம்பளம் வாங்கியவர். ஒருநாள் கிண்ணத்தில் சுண்டலோடு இறங்கி வந்தார்.

"வயித்துல குழந்தை இருக்கறப்ப அந்த ராகம் வேண்டாம்மா. விட முடியலைன்னா, முடிக்கறப்ப மத்தியமாவதி வாசிச்சிடு. சரியாப் போயிடும்."

மத்தியமாவதி என்பது கச்சேரி முடிவில் வாசிக்கும் ராகம். அதுவரை நேர்ந்த குறைகளையெல்லாம் அது போக்கிவிடும் என்பது ஐதீகம். சாப்பாடு முடிந்ததும் விரல் அலம்புகிற மாதிரி. ஆராய்ச்சி செய்து டாக்டர் பட்டம் வாங்கியவருக்கு இதற்குமேல் விளக்கம் தேவைப்படவில்லை. சுண்டல் நன்றாக இருந்தது, சாப்பிட்டேன்.

என் கணவரிடம் சொன்னபோது என்னைவிட அதிகமாகச் சிரித்தது அவர்தான். அதே ஊரின் இன்னொரு மூலையான போலாரத்தில் பிறந்து வளர்ந்த ரயில்வே குடும்பத்துப் பிள்ளை. மென்பொருள்களைச் சோதித்துப் பார்ப்பது வேலை. ஒரு பிழையைத் திரும்ப வரவழைத்துக் காட்டினாலொழிய அதைப் பிழை என்றே ஒப்புக்கொள்ள மாட்டார். இந்த மனிதரைக் கட்டிக்கொண்டதில் எனக்கு அன்று கொஞ்சம் கர்வம்கூட வந்தது.

சில நாள் கழித்து, நான் மாண்டலினைப் பெட்டியில் வைக்கும்போதெல்லாம் அவர் அறையில் போனில் வயலின் கேட்க ஆரம்பித்தது. மத்தியமாவதி. எந்த ராகத்தைக் கேட்டாலும் இது சினிமாப் பாட்டா என்று கேட்கிற ஆள். போகட்டும், நம்மோடு இருந்து கொஞ்சம் ரசனை ஒட்டிக்கொண்டது என்று நினைத்தேன். தினமும் ஒரே ராகமா என்று கேட்கக்கூடத் தோன்றவில்லை. என் புத்தி அந்த லட்சணத்தில் இருந்தது.

லிஃப்டில் மேல்வீட்டு அம்மாளைப் பார்த்தபோதுதான் விஷயம் வெளியே வந்தது. என் கணவர் மேலே போய், கனகாங்கி வாசிக்கிறவரேதான் மத்தியமாவதியும் வாசிக்க வேண்டுமா, பதிவு போட்டாலும் பலன் உண்டா என்று கேட்டிருக்கிறார். உண்டு என்று அம்மாளும் சொல்லியிருக்கிறார். பொறுப்பான பையன் என்று எனக்கே சான்றிதழ் கொடுத்தார்.

வீட்டுக்குள் நுழைந்ததும் கேட்டேன். அவர் மழுப்பவில்லை.

"ஹவ், ஆமா, கேட்டேன். நம்பிக்கைலாம் ஒண்ணும் இல்ல." கையிலிருந்த போனைக் கவிழ்த்து வைத்தார். "ஆனா போன தடவ நீ இதத்தான வாசிச்சிட்டிருந்த?"

டாக்டர் முன்னால் தலையாட்டிய அன்றிலிருந்தே இது அவருக்குள் இருந்திருக்கிறது. என்னோடு சேர்ந்து சிரித்தபோதும் இருந்திருக்கிறது. மேல்வீட்டு அம்மாள் மேல் இருந்த இளப்பம் எனக்கு அந்த நிமிஷமே குறைந்துவிட்டது. அந்த அம்மாள் என் முகத்தைப் பார்த்துச் சொன்னார். இவர் என்னைக் கட்டிக்கொண்டு அழுதுவிட்டு, உள்ளே என் விரலைச் சந்தேகப்பட்டுக்கொண்டிருந்தார். அருவருப்பாக இருந்தது. அதை இவரிடமே சொன்னேன். நான் கோபத்தில் ஏதோ பேசுவதாகச் சொன்னார்.

பெண் நல்லபடியாகப் பிறந்தாள். பரிகாரம் பலித்துவிட்டது என்று மேல்வீட்டு அம்மாள் சந்தோஷப்பட்டார், என் கணவர் மறுத்துப் பேசவில்லை. அன்று கேட்டது வெறும் கேள்விதான் என்று இன்றுவரை சாதிக்கிறார். இப்போதெல்லாம் காந்தாரம் எனக்குச் சுலபமாக வருகிறது. நான் கனகாங்கியைத் தொடங்கினதும் அவர் எழுந்து, பார்க்குக்குப் போகலாம் வா என்று பெண்ணைத் தூக்கிக்கொண்டு கீழே இறங்கிப் போய்விடுகிறார்.