மச்சாளின் கடல் பாட்டு

ஜன்னல்களில் போர்வைகளைத் தொங்கவிட்டு, மின்விசிறியையும் நிறுத்திவிட்டு, வியர்வை வழிய அந்தப் பாட்டை நாங்கள் பதிவு செய்த பிற்பகல் இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது. அன்புவழிபுரத்தில் எங்கள் வீட்டின் முன்னறை. நான் கட்டிலில் கிற்றாரோடு இருந்தேன். பாடியவர் என் மச்சாள், அண்ணாவின் மனைவி. ஹெட்போனை மாட்டக் கையை உயர்த்தியவர் பாதியில் நிறுத்தி, "நீரே போட்டுவிடும், தோள் ஏலாது" என்றார். வாளி தூக்கியதில் பிடித்துக்கொண்டதாம். மாட்டிவிட்டேன். மேற்கொண்டு ஒன்றும் கேட்கவில்லை.

சொற்களும் அவருடையவைதான். "கடல் பின்வாங்கும் நேரம் கரை பெரிதாய்த் தெரியும், ஓடி விளையாடாதே, அது மூச்சை இழுக்கிறது" என்று தாழ்ந்த குரலில் தொடங்கும். இரண்டாவது சரணத்தின் முடிவில், இசை முழுக்க நின்றுபோன இடத்தில், "சத்தம் வராமல் கோப்பையைக் கழுவு" என்று ஒரு வரி வரும். அந்த வரி பாட்டோடு ஒட்டவில்லை, எடுத்துவிடுவோம் என்றேன். மச்சாள் சம்மதிக்கவில்லை.

தனிப்பாட்டாக இணையத்தில் விட்டோம். எங்கள் ஊரில் ரொக் இசை கேட்பவர்கள் விரல் விட்டு எண்ணக்கூடியவர்கள். ஆனால் இந்தப் பாட்டு ஓட்டோக்களில் ஒலித்தது, வானொலியில் வந்தது. எல்லாரும் அதைச் சுனாமிப் பாட்டு என்றே எடுத்துக்கொண்டார்கள். கடல் உள்வாங்கியதைக் கண்ணால் கண்ட ஊர் வேறு எப்படி எடுத்துக்கொள்ளும்? பக்கத்துக் கடற்கரைக் கிராமமான சல்லியிலிருந்து ஒரு மீனவர் வீடு தேடி வந்து, மச்சாளுக்கு முன்னால் நின்று அழுதார். அந்தக் கோப்பை, திரும்பி வராத யாரோ ஒருவருடையது என்று அவர் விளங்கிக்கொண்டிருந்தார். மச்சாள் மறுத்து ஒரு வார்த்தை சொல்லவில்லை. அண்ணாவுக்குப் பெருமை தாங்கவில்லை. சீனன்குடாவில் தன்னோடு வேலை செய்தவர்களுக்கெல்லாம், "என்ர மனிசி பாடினது" என்று போட்டுக் காட்டினார்.

அண்ணா அதிர்ந்து பேசாத மனிதர். கோபம் வந்தால் மௌனமாகிவிடுவார். ஒரு நாள், இரண்டு நாள், மூன்று நாள். அதைப் பொறுமை என்று ஊர் சொன்னது, நானும் சொன்னேன். மூன்றாம் நாள் மாலையில் அவர்களுடைய அறைக் கதவு சாத்தப்படும். அப்போது ஹெட்போனைப் போட்டுக்கொண்டு கிற்றார் பழகுவது என் வழக்கம். எனக்குத் தெரியாது என்று சொல்லமாட்டேன். தெரிந்துகொள்ளாமல் இருக்க வழி தேடிக்கொண்டேன்.

பாட்டு வெளிவந்து சில வாரங்களில் அண்ணா மறுபடி பேச்சை நிறுத்தினார். மூன்றாம் நாள் மத்தியானம் தண்ணீர் குடிக்கக் குசினிக்குப் போனேன். மச்சாள் தொட்டியின் அடியில் துணியை விரித்து, அதன்மேல் வைத்துக் கோப்பைகளைக் கழுவிக்கொண்டிருந்தார். பீங்கான் பீங்கானில் படாமல், நூல் போலத் தண்ணீரைத் திறந்துவிட்டு. வீட்டில் அண்ணா இல்லை. இருந்தும் அப்படித்தான் கழுவினார், கை பழகிவிட்டிருந்தது.

"மச்சாள், அந்தப் பாட்டு கடலைப் பற்றியதில்லை, என்ன?"

அவர் திரும்பவில்லை. "கடலைப் பற்றித்தான். எந்தக் கடல் எண்டு நீர் இப்பதான் கேக்கிறீர்."

அண்ணா ஐந்தரைக்கு வருவார். நாங்கள் மூன்று மணிக்கே வெளிக்கிட்டோம். மட்டக்களப்பு பஸ்ஸில், அவருடைய தமக்கையின் வீட்டுக்கு ஏற்றிவிட்டேன். ஜன்னலோரம் இருந்து, "நீர் வீட்டுக்குத் தனியப் போகாதேயும்" என்றார். போனேன். ஐந்தரைக்கு மோட்டார் சைக்கிளின் சத்தம் ஒழுங்கை முனையிலேயே நின்றது. வண்டியை உருட்டிக்கொண்டு அண்ணா உள்ளே வந்தார்.

"அவ எங்க?"

"மட்டக்களப்புக்குப் போயிற்றா. நான்தான் ஏத்திவிட்டனான்."

என்னைப் பார்த்தார். பிறகு கைகால் கழுவி, சோற்றைப் போட்டு, ஒரு பருக்கை மிச்சமில்லாமல் சாப்பிட்டார். நான் மூன்று நாள் காத்திருக்கவில்லை. அடுத்த நாளே உப்புவெளியில் ஒரு அறைக்கு மாறிவிட்டேன்.

அவர்களுடைய விவாகரத்து முடிந்துவிட்டது. மச்சாள் இப்போது ஒரு பாலர் பாடசாலையில் வேலை செய்கிறார். பாட்டைப் பற்றி நாங்கள் கதைப்பதில்லை. போன மாதம் திரியாயிலிருந்து ஒரு தாய் என்னை அழைத்தார். தன் மகளுக்கு அண்ணாவைப் பேசுகிறார்களாம். "மாப்பிள்ளை அதிர்ந்து கதைக்காத ஆள் எண்டு சொல்லுறாங்கள். உண்மையோ பிள்ளை?"

"ஓம் அம்மா, உண்மை. அதைப் பற்றி நேரில வந்து சொல்லுறன்."

போய் எல்லாவற்றையும் சொன்னேன், சாத்திய கதவையும் மச்சாளின் தோளையும் என் ஹெட்போனையும் சேர்த்து. மகள் கதவு நிலையைப் பிடித்தபடி நின்று கேட்டாள். ஒன்றே ஒன்று கேட்டாள்: "அந்த அக்கா இப்ப சத்தமாச் சிரிப்பாவோ?" எனக்குத் தெரியவில்லை என்றேன். தாய் அப்போதே தொலைபேசியைக் கையில் எடுத்தார். "இது சரிவராது எண்டு தரகரிட்ட சொல்லிவிடுறன். உங்கட பேர் வராது" என்றார்.

திரும்பும் பஸ் நிலாவெளியைத் தாண்டியபோது தொலைபேசி அடித்தது. அண்ணா. அந்த வீட்டைவிட்டு வந்த பிறகு அவர் என்னை அழைத்ததே இல்லை. எடுத்தேன். மறுமுனையில் பேச்சில்லை, மூச்சு மட்டும் கேட்டது. தரகர் அதற்குள் சொல்லிவிட்டார் போல. நான் வைக்கவில்லை.

"அண்ணா," என்றேன், பஸ்ஸில் இருந்தவர்கள் திரும்பிப் பார்க்கும் அளவுக்கு உரத்து. "திரியாயில சொன்னது நான்தான். இனி உங்களுக்கு எங்க கலியாணம் பேசினாலும் அங்கயும் போய்ச் சொல்லுவன்."