காதுப்பூச்சியின் பெயர்

மண்சட்டிக்குள் வைக்கோல் அடைத்து, கவிழ்த்துக் கிளையில் கட்டுவது வாக்கப்பட்டு வந்த வருஷத்திலிருந்து கேஷே குவாஸ்டுக்கு வாடிக்கை. சட்டியின் விளிம்பு கிளையில் உரச வேண்டும். உரசாவிட்டால், பகலில் உள்ளே ஒண்டிக் கிடக்கும், இடுக்கி வால் கொண்ட காதுப்பூச்சிகள் பொழுது சாய்ந்ததும் மரத்தில் ஏறி, இலைச்சாறு உறிஞ்சும் அசுவினியைத் தின்ன வழியில்லை. எல்பே ஆற்றங்கரைப் பழத்தோட்டங்களில் இதை யாரும் யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. கேஷேவுக்குப் புருஷன் போனான், முதுகு போனது, சட்டி கட்டும் வேலை மட்டும் போகவில்லை.

டென்மார்க்கிலிருந்து வந்த மருமகள் மைபிரிட், கைக்குழந்தையோடு ஜன்னலில் நின்று பேரி மரத்தையே பார்த்தாள். அதன் கிளை தொட்டில் இருந்த அறையின் ஜன்னலைத் தொட்டது.

“அத்தை, அந்தச் சட்டிங்களை எடுத்துடுங்க. இல்லேன்னா பிள்ளையத் தூக்கிக்கிட்டு எங்கம்மா வீட்டுக்குப் போயிடுவேன்.”

“அது காதுக்குள்ள எல்லாம் போகாதும்மா.”

“அப்புறம் ஏன் அந்தப் பேரு? நீங்க ஓர்வுர்ம்ங்கிறீங்க, காதுப்புழு. டச்சுக்காரனும் அதையேதான் சொல்றான். இங்கிலீஷ்காரன் இயர்விக்ங்கிறான். எங்க ஊர்ப் பேர்லயும் காது இருக்கு. இத்தனை பேரும் கூடிப் பேசியா பொய் சொன்னாங்க?”

“கூடிப் பேசல. எல்லாரும் ஒரே பாஷை வீட்டுலேர்ந்து தனிக்குடித்தனம் போனவங்க, போகும்போது பயத்தையும் எடுத்துட்டுப் போயிட்டாங்க. காதுவலிக்கு அதைக் காயவச்சுப் பொடிச்சுப் போட்டதால வந்த பேருங்கிறாங்க. றெக்கைய விரிச்சா காது மாதிரி இருக்குமாம், அதனாலங்கிறாங்க. எது நெசமோ, யார் கண்டா.”

பூட்ஸைக் கழற்றிக்கொண்டிருந்த மகன் ஹின்ரிக், “ஸ்வீடன்காரன் மட்டும் பிளந்த வாலுங்கிறான். அவனுக்குக் காதே கிடையாது போல” என்றான்.

“உங்கம்மாவுக்கு ஒத்து ஊதாம பூட்ஸைக் கழட்டு.”

ஒரு பூச்சியைப் பிடித்துத் தன் காதிலேயே விட்டுக் காட்டியிருக்கலாம். கேஷேவுக்கு அதற்குத் தெம்பில்லை. அதோடு, கட்டிலின் மேல் பெட்டி திறந்து கிடந்தது. சின்னச் சின்னச் சட்டைகள் பாதி உள்ளே போயிருந்தன.

அவள் ஏணியை எடுத்தாள். சட்டிகளை அவிழ்த்து, தள்ளுவண்டியில் அடுக்கி, தோட்டத்தின் கோடியில் வாய்க்காலோரம் நிற்கும் ஆப்பிள் மரங்களில் கட்டினாள். இடையிடையே வண்டிப் பிடியிலேயே சாய்ந்து நின்றாள்.

ஜூனில் பேரி இலைகள் சுருண்டன. ஜன்னல் விளிம்பெல்லாம் தேன் கொட்டியதுபோல் பிசுபிசுப்பு.

“இது என்ன அத்தை, கைவச்சா ஒட்டுது?”

“அசுவினி.” கேஷே வெந்நீர்த் துணியால் துடைத்தாள். மறுநாளும் துடைத்தாள்.

அந்த வருஷம் பேரிக்காய் தேறவில்லை. பேத்தி அந்த வீட்டிலேயே தவழ ஆரம்பித்தாள்.